பாஸ் மீனுக்கு எந்த முள்? பழைய பெட்டியும் புது முள்ளும்

புதுராட்:

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா முட்டிவலி வந்து தூண்டிலை விட்டுவிட்டார். தன் பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். திறந்து பார்த்தால் காகிதப் பொட்டலங்களில் செம்பழுப்பு நிற முட்கள். நீளத் தண்டு, மெல்லிய கம்பி, எந்த மடிப்பும் கிடையாது. என்னிடம் இருப்பதோ கறுப்பு நிற இ.டபிள்யூ.ஜி. (எக்ஸ்ட்ரா வைட் கேப், அதாவது அகல வளைவு முள்), அளவு 5/0. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே மீனுக்குச் செய்தவை என்று நம்பவே முடியவில்லை.

என் பிரச்சினையைச் சொல்கிறேன். லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாய் நன்னீர் மீனுக்கு ஐந்து அங்குல ரப்பர் புழுவை, முள் முனையைப் புழுவுக்குள் ஒளிக்கும் டெக்சாஸ் ரிக்கில் போடுகிறேன். குச்சி மாதிரி தடியாக, வால் இல்லாமல் இருக்குமே, அந்தப் புழு. மீன் எடுக்கிறது, லைன் நகர்வது தெரிகிறது, சுண்டுகிறேன், ராடும் வளைகிறது. கொஞ்ச தூரம் சுற்றுவதற்குள் லேசாகிவிடுகிறது. புழு மட்டும் கசங்கிச் சுருண்டு திரும்பி வருகிறது. மீடியம் ராட், 10 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லைன். பெரிய வாய் மீன், அதனால் பெரிய முள் போடு என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் 5/0.

முள்ளை மாற்ற வேண்டுமா, சுண்டுவதை மாற்ற வேண்டுமா? அப்புறம், இப்போது வரும் முட்கள் உண்மையிலேயே முன்னேறியவையா, இல்லை பாக்கெட் மட்டும்தான் பளபளப்பா? சித்தப்பா இதே பெட்டியை வைத்துக்கொண்டு என்னைவிட நிறைய மீன் பிடித்தவர் என்பதால் கேட்கிறேன்.

பச்சைத்தவளை:

3/0 இ.டபிள்யூ.ஜி. வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது. முக்கால்வாசி ரப்பர் இரைக்கு அது ஒன்றே போதும். முள்ளைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டாம் நண்பரே. மீன் இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

ஈயக்குண்டு:

தவளையார் சொன்ன அளவு சரிதான். ஆனால் ஏன் 3/0 என்று தெரிந்துகொண்டால் அடுத்த இரைக்கு இன்னொருவரிடம் கேட்க வேண்டியதில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மீன் முள்ளில் மாட்டவே இல்லை. முனை மட்டும் குத்தி நின்றிருக்கிறது. முனை குத்துவது வேறு, பார்ப் (முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்) உள்ளே நுழைவது வேறு, கம்பி வளைவு வரைக்கும் போய் உட்காருவது வேறு. கூர்மை என்பது முதல் வேலைக்குத்தான். பார்ப்பும் கம்பியும் நுழைய பலம் வேண்டும், கம்பி தடிக்கத் தடிக்க அந்தப் பலம் கூடிக்கொண்டே போகும். உங்கள் 5/0 பெரும்பாலும் தடித்த கம்பியாகத்தான் இருக்கும். அதை முழுசாக உள்ளே செலுத்தும் அளவுக்கு மீடியம் ராடுக்கு முதுகெலும்பு கிடையாது. ஃப்ளூரோகார்பன் நீளாது என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் நன்றாகவே நீளும். நீங்கள் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கை ராடு வளைந்து தின்கிறது, ஒரு பங்கை லைன் நீண்டு தின்கிறது. மிச்சம் வருவது பார்ப் வரைக்கும்கூட எட்டவில்லை. மீன் தலையை ஒரு உதறு உதறினால் கழன்றுவிடும்.

ஆகவே நான் முள்ளைத் தேர்ந்தெடுப்பது மீனின் வாயைப் பார்த்து இல்லை. லைனையும் ராடையும் பார்த்துக் கம்பித் தடிமனை முடிவு செய்வேன். இரையின் தடிமனைப் பார்த்துக் கேப்பை முடிவு செய்வேன். கேப் என்றால் தண்டுக்கும் முனைக்கும் நடுவில் இருக்கும் இடம். மீன் கடித்ததும் ரப்பர் நசுங்கி அந்த இடத்தில் வந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகும் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். புழுவின் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேப் இருந்தால் எனக்குத் திருப்தி. உங்கள் குச்சிப்புழு தடி என்பதால் அதற்கு 3/0 இ.டபிள்யூ.ஜி. பொருந்தும், ஆனால் பாக்கெட்டில் மெல்லிய அல்லது நடுத்தரக் கம்பி என்று பார்த்து வாங்குங்கள். அதே நீளத்தில் ஒல்லியான புழு என்றால் அவ்வளவு அகலம் வீண். லைன் கட்டும் கண்ணுக்குப் பக்கத்தில் தண்டு மடித்த சாதாரண ஆஃப்செட், வட்ட வளைவு போதும். நண்டு மாதிரி கையும் காலும் வைத்த தடித்த இரைக்கு 4/0, அதற்குத் தகுந்த கனமான ராடும் 15 பவுண்டுக்குக் குறையாத லைனும் வேண்டும்.

எண்களை நம்பி மட்டும் வாங்காதீர்கள். 1, 2, 4 என்று வெறும் எண்ணாக இருந்தால் எண் கூடக்கூட முள் சின்னதாகும், 1/0, 2/0 என்று சுழி சேர்ந்தால் எண் கூடக்கூடப் பெரிதாகும் என்பது எல்லா இடத்திலும் பொது. ஆனால் ஒரு கம்பெனியின் 3/0 இன்னொரு கம்பெனியின் 4/0 அளவுக்கு இருக்கும். இதற்கென்று ஒரே அளவுகோல் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. இரையைக் கையில் எடுத்துப்போய் முள்ளைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

இனி முன்னேற்றம் பற்றி. முள்ளின் உருவம் ரொம்பப் பழசு. ஜப்பானின் ஒக்கினாவாவில் சகிதாரி குகையில் சிப்பியில் செதுக்கிய தூண்டில் முட்கள் கிடைத்தன. சுமார் 23,000 ஆண்டுப் பழசு. அதைப் பார்த்தாலும் நமக்கு இது முள் என்று உடனே தெரிந்துவிடும். வளைவில் பெரிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. மாறியது உலோகமும் முனையும்.

இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊர் தையல் ஊசிக்குப் பேர்போனது. ஊசி செய்தவர்களே முள்ளும் செய்தார்கள். கம்பியை நறுக்கி, பார்ப்பை வெட்டி, வளைத்து, கெட்டிப்படுத்தி, எல்லாம் கைவேலை. 1877-ல் நார்வேயின் முஸ்டாட் கம்பெனிக்காக மத்தியாஸ் டோப் என்பவர் முள் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கப்புறம்தான் ஒரே மாதிரியான முட்கள் மலை மலையாக வர ஆரம்பித்தன. மலிவாயின. ஆனால் கூர்மை என்பது தூண்டில்காரனின் பொறுப்பாகவே இருந்தது. உங்கள் சித்தப்பா பெட்டியில் சின்ன அரம் ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பாஸுக்கென்று தனி முள் தேவைப்பட்டது ரப்பர் புழு வந்த பிறகு. 1949-ல் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவர் அதைச் செய்தார். ஆரம்பத்தில் புழுவோடு முட்களைக் கோத்தே விற்றார்கள், முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாசியிலும் மரக்கிளையிலும் போட்டால் மாட்டிக்கொள்ளும். பாஸ் இருப்பதோ அங்கேதான். அதனால் முனையைப் புழுவுக்குள்ளேயே ஒளித்து வைக்கும் டெக்சாஸ் ரிக் வந்தது. நேர்த்தண்டு முள்ளில் புழு வழுக்கிக் கீழே இறங்கும். அதைத் தடுக்கக் கண்ணுக்குப் பக்கத்தில் தண்டை மடித்தார்கள், அது ஆஃப்செட். தடித்த ரப்பருக்கு வளைவை விரித்தார்கள், அது இ.டபிள்யூ.ஜி. பாக்கெட்டில் என்ன கதை எழுதியிருந்தாலும், இந்த ஒவ்வொரு மடிப்பும் ஏதோ ஒரு ரப்பருக்காக வந்ததுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்து முள் தடி, முனை மொண்ணை, நைலான் நரம்போ இழுத்தால் நீளும். புழுவையும் துளைத்து மீனின் தாடையையும் துளைக்க வேண்டும். அதனால்தான் பழைய ஆட்கள் குட்டையான விறைப்பான ராடை வைத்துக்கொண்டு படகே ஆடும்படி சுண்டினார்கள். நமக்கு இன்னும் அந்தச் சுண்டலைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். முள் மாறிவிட்டது, பாடம் மாறவில்லை.

மாற்றியது ஜப்பான்காரர்கள். கமகட்சு போன்ற கம்பெனிகளின் முட்கள் 1980-களில் அமெரிக்க பாஸ் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தபோது, பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் விரலில் குத்தும் முள்ளைப் பலர் அப்போதுதான் பார்த்தார்கள். கல்லில் தீட்டினால் முனையில் கண்ணுக்குத் தெரியாத பிசிறும் கீறலும் தங்கும். தீட்டிய முள்ளை அமிலக் குளியலில் போட்டால் மேல் பரப்பு மெல்லிசாகக் கரைந்து அந்தப் பிசிறு போய்விடும். முனை வழவழப்பான ஊசிக்கூம்பாக நிற்கும். கெமிக்கல் ஷார்ப்பனிங் என்று பாக்கெட்டில் போடுவது இதைத்தான்.

கூர்மையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது எஃகு. கார்பன் கூடுதலான கம்பியைச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். இந்தப் பதம் தப்பினால் ஒன்று பட்டென்று ஒடியும், இல்லை மெதுவாக விரிந்துகொடுக்கும். இதைச் சீராகச் செய்யக் கற்றுக்கொண்டதால் பழைய முள்ளின் பலத்தை மெல்லிய கம்பியிலேயே கொண்டுவர முடிகிறது. உங்களைப் போல மீடியம் ராடும் 10 பவுண்டு லைனும் வைத்திருப்பவர் நிம்மதியாக ரப்பர் புழு போட முடிவதே இதனால்தான். அந்த வசதியைத் தடித்த 5/0 போட்டு நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

சித்தப்பா முட்களைத் தூக்கிப் போட வேண்டாம். நீளத் தண்டு, மெல்லிய கம்பி என்றால் அது பெரும்பாலும் அபர்டீன் வகை. சின்ன உயிர்மீனைக் கோத்துப் போட இன்றைக்கும் நல்ல முள். கிளையில் மாட்டினால் மெதுவாக இழுங்கள், கம்பி விரிந்து வெளியே வந்துவிடும், விரலால் வளைத்துச் சரிசெய்யலாம். புழுவுக்கு மட்டும் வேண்டாம். முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்வாக வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர், வழுக்கினால் மொண்ணை. துரு குழி விழுந்திருந்தால் மட்டும் குப்பைக்குப் போகட்டும்.

சுண்டுவது: மீன் எடுத்ததும் ராடைத் தாழ்த்தி, லைனில் தொய்வு போகும்வரை வேகமாகச் சுற்றி, அதே வேகத்தில் ராடைப் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். இழுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருங்கள். முனையைப் புழுவின் மறுபக்கம் வரை துளைத்து வெளியே எடுத்து, தோலில் மட்டும் லேசாகச் செருகி வையுங்கள். முழு ரப்பரையும் துளைக்கும் வேலை மிச்சம்.

பச்சைத்தவளை:

ஈயக்குண்டு அண்ணா இ.டபிள்யூ.ஜி.யை வேண்டாவெறுப்பாகச் சிபாரிசு செய்வது போல இருக்கிறதே!

ஈயக்குண்டு:

கண்டுபிடித்துவிட்டீர்களே. உண்மைதான், எனக்கு அதன் மேல் பெரிய பிரியம் இல்லை. இ.டபிள்யூ.ஜி.யில் முனை ஏறக்குறைய கண்ணின் நேர்க்கோட்டுக்கு வந்து நிற்கும். பாசியில் மாட்டாது, அது நல்லதுதான். ஆனால் இழுக்கும்போது முனை மீனின் வாயில் வழுக்கிக்கொண்டு வர வாய்ப்பு அதிகம். வட்ட வளைவு ஆஃப்செட்டில் முனை கொஞ்சம் வெளியே திறந்து நிற்கும், பட்ட இடத்தில் கவ்வும்.

அடர்ந்த பாசிக்கும் நாணலுக்கும் நடுவே கனமான ஈயத்தோடு செங்குத்தாக இறக்குவது என்றால் நான் மடிப்பே இல்லாத நேர்த்தண்டு முள்ளுக்குப் போய்விடுவேன். 4/0, தடித்த கம்பி, 50 பவுண்டு பிரெய்ட் (பின்னிய லைன்), கனமான ராடு. அங்கே தடித்த கம்பி வேண்டும். பிரெய்ட் நீளாது, மெல்லிய முள்ளை விரித்தே விடும். இதில் ஸ்னெல் முடிச்சு போட வேண்டும். லைனைக் கண்ணின் முன்பக்கமாக, அதாவது முனை இருக்கும் பக்கமாக நுழைத்துத் தண்டில் சுற்ற வேண்டும். அப்போது இழுத்ததும் ஈயம் கண்ணில் இடித்து, முள் உதைத்துத் திரும்பி மேல்தாடையில் ஏறும். பின்பக்கமாக நுழைத்துக் கட்டினால் இந்த உதை கிடைக்காது. எத்தனையோ புது வடிவம் வந்த பிறகும் அடர்பாசியில் பலரும் கடைசியில் இந்த நேர்த்தண்டுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

பச்சைத்தவளை:

பாசிக்கு ஒப்புக்கொள்கிறேன். குச்சிப்புழுவுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். வட்ட வளைவில் தடித்த புழு போட்டால் அடைத்துக்கொள்கிறது, அதை எத்தனை தரம் பார்த்தாயிற்று. வழுக்குகிறது என்பவர்கள் பாதிப் பேர் தொய்வு இருக்கும்போதே சுண்டுபவர்கள்.

நிதானமா_வீசு:

இரண்டு பேரும் சண்டை போட்டு முடியுங்கள், அதற்குள் டிராப் ஷாட்டைப் பார்த்துவிடலாம். லைனின் நுனியில் ஈயம், அதற்கு மேலே முள் கட்டும் முறை அது. ஸ்பின்னிங் செட் இருக்கிறது என்றால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள்.

அதற்கு முள் ரொம்பச் சின்னது. 1 அல்லது 2, மெல்லிய கம்பி, முனை வெளியே தெரியும்படி புழுவின் மூக்கில் கோத்தால் போதும். இவ்வளவு சின்ன முள்ளில் பெரிய பாஸ் நிற்குமா என்று சந்தேகம் வரும், நிற்கும். ஆனால் சுண்டவே கூடாது. லைன் கனமானதும் ராடை மெதுவாகத் தூக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தால் முள் தானாக ஏறிக்கொள்ளும். ஈயக்குண்டு சொன்ன கூர்மை இல்லாவிட்டால் இந்த முறையே சாத்தியமில்லை. முனை மேலே பார்க்கும்படி கட்டினால் முள் லைனிலிருந்து நேராக வெளியே நீட்டி நிற்கும். ஸ்மால்மவுத் என்ற இன்னொரு வகைப் பாஸுக்கு இது கைகண்ட முறை. அதற்கு வாய் சின்னது, துள்ளலும் அதிகம், கனமான முள் என்றால் துள்ளும்போது ஆடி ஆடித் துளை பெரிதாகும்.

முக்கோண முனை, கத்தி மாதிரி விளிம்பு வைத்த முட்களும் இப்போது வருகின்றன. குத்துவதோடு அறுத்துக்கொண்டும் போகும். நுழைவது சுலபம், சந்தேகமே இல்லை. நீண்ட போராட்டத்தில் துளையை அகலப்படுத்தும் என்று சிலருக்குப் பயம். நான் அவற்றைத் தடித்த கம்பி வேண்டிய இடத்தில் மட்டும் போடுகிறேன், டிராப் ஷாட்டுக்கு அவசியமில்லை.

ட்ரெபிள், அதாவது மும்முனை முள் பற்றி ஒன்று. கிராங்க்பெய்ட், ஜெர்க்பெய்ட் என்ற மீன் வடிவச் செயற்கை இரைகளில் அது வரும். கிராங்க்பெய்ட்டில் வரும் முள் சின்னதாக இருக்கிறது என்று ஒரு அளவு பெரிதாக மாற்றினால் எடை கூடும். தண்ணீரில் அசையாமல் நிற்க வேண்டிய ஜெர்க்பெய்ட் மூழ்க ஆரம்பித்துவிடும், கிராங்க்பெய்ட்டின் ஆட்டமும் அடங்கிப்போகும். மாற்றுவதற்கு முன் பழைய முள்ளையும் புது முள்ளையும் சின்னத் தராசில் வைத்துப் பாருங்கள். கிராங்க்பெய்ட்டைப் பாஸ் பெரும்பாலும் ஓரமாகத்தான் கவ்வும், மாட்டுவது ஒற்றை முனையாக இருக்கும். அதனால் ராடு இளகலாக இருக்க வேண்டும். விறைப்பான ராடில் அந்த ஒற்றை முனை பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

ஈரத்தோடு பெட்டியை மூடாதீர்கள். இந்தக் கூரான முட்கள் கார்பன் எஃகு, மேலே பூசியிருக்கும் பூச்சு போனால் முதலில் துருப்பிடிப்பது முனைதான். துருப்பிடிக்காத எஃகிலும் முள் உண்டு, அது உப்புத்தண்ணீருக்கு. நன்னீரில் அதற்காகக் கூர்மையை விட்டுக்கொடுப்பது தேவையில்லை.

புதுராட்:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஈயக்குண்டு அண்ணா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பெட்டியின் அடியில் துணியில் சுற்றி ஒரு சின்ன அரம் இருக்கிறது. புது முள் மொண்ணையானால் அதை வைத்துத் தீட்டலாமா?

இன்னொன்று. டிராப் ஷாட்டுக்குச் சின்ன முள் என்றால் மீன் விழுங்கிவிடாதா? நான் பிடித்ததைத் திருப்பி விடுகிறவன்.

ஈயக்குண்டு:

தீட்டலாம். முனையை நோக்கியே ஒரே திசையில் இரண்டு மூன்று இழுப்பு, முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. தடித்த கம்பி முள்ளுக்கும் ட்ரெபிளுக்கும் இது லாபம். மெல்லிய சின்ன முள்ளில் அரம் பட்டால் பூச்சும் போய், முனையும் குட்டையாகிவிடும். அதை மாற்றிவிடுவதே மேல்.

விழுங்குவது பற்றி நல்ல கேள்வி. 1972-ல், அமெரிக்காவில் பாஸ் போட்டிகள் நடத்திய ரே ஸ்காட், தன் போட்டிகளில் மீனைக் கொல்லாமல் விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதிலிருந்து பாஸ் ஆட்களுக்கு முள்ளைக் கழற்றத் தெரிவதும் மாட்டத் தெரிவது அளவுக்கு முக்கியம். லைனைத் தொய்வாக விட்டு, கடித்த பிறகும் யோசித்துக்கொண்டு நிற்பதால்தான் பெரும்பாலும் தொண்டைக்குப் போகிறது. டிராப் ஷாட்டில் லைன் லேசான இழுவையில் இருந்தால் உதட்டோரமே மாட்டும். பார்ப்பை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். லைனைத் தொய்வில்லாமல் வைத்திருந்தால் மீன் நழுவுவது குறைவு, முள் உள்ளே ஏறுவதும் சுலபமாகிறது.

அப்படியும் தொண்டைக்குப் போய்விட்டால், வாய் வழியாக வெறுமனே இழுக்காதீர்கள். லைனைத் தளர்த்தி, செவுள் மூடியைத் தூக்கி, நீண்ட மூக்கு இடுக்கியைப் பக்கவாட்டிலிருந்து உள்ளே விடுங்கள். சிவப்பாக இருக்கும் செவுள் இதழ்களைத் தொடக் கூடாது. முள்ளின் தண்டைப் பிடித்துக் கண் இருக்கும் முனையைத் தொண்டைப் பக்கம் சாய்த்தால் முள் குப்புறத் திரும்பிக்கொள்ளும். இப்போது வளைவு உங்களைப் பார்க்கும். வாய் வழியாக இன்னொரு தரம் இடுக்கியை விட்டு வளைவைப் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். ரத்தம் வந்தாலோ முள்ளே கண்ணில் படாவிட்டாலோ நோண்ட வேண்டாம், லைனை முள்ளுக்குப் பக்கத்தில் நறுக்கித் தண்ணீரில் விடுங்கள்.

பச்சைத்தவளை:

இடுக்கி வாங்கும்போது நீண்ட மூக்கு, முனை மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். தடித்த மூக்கு இடுக்கி அந்தச் செவுள் இடுக்கில் நுழையாது. 3/0 மறக்காதீர்கள்.